அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம்

அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் என்பது தமிழ்நாட்டின் தலைநகரான சென்னையில், அடையாறு ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள ஒரு தனியார் தோட்டம் ஆகும். பிரம்மஞான சபையின் உலகத் தலைமையிடம் இதனுள் உள்ளது. 250 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடைய இத்தோட்டத்தில் உள்நாட்டு மரங்களும், வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட மரங்களும், ஆற்றங்கரையில் அலையாத்தி மரங்களும் ஒருங்கே காணப்படுகின்றன. பல நூற்றாண்டு அகவையுடையதாகக் கருதப்படும் அடையாறு ஆலமரம் இங்குள்ள மரங்களுள் பெரும்புகழ் பெற்றது.

இத்தோட்டம் பறவைகளுக்காக உருவாக்கப்பட்டது அன்று. இது சட்டப்படி அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயமும் அன்று. எனினும் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரே உரிமையாளரிடம் பிரிக்கப்படாமல் இருந்ததாலும், மரங்கள் வணிகத்துக்காக வெட்டப்படாமல் முதிர விடப்பட்டதாலும், கழிமுகத்தை ஒட்டி அமைந்திருப்பதாலும் இது சென்னையின் குறிப்பிடத்தக்க பறவைப் புகலிடங்களுள் ஒன்றாக மாறியது.

வகைப்பாடு

தாவரவியல் பூங்கா என்பது பொதுவாகப் பெயரிடப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, ஆய்வுக்கும் கல்விக்கும் பேணப்படும் உயிர்த் தாவரங்களின் தொகுப்பைக் குறிக்கும். உதகமண்டலத்தில் உள்ள அரசு தாவரவியல் பூங்காவும், கொல்கத்தாவை அடுத்த அவுராவில் உள்ள ஆச்சாரிய ஜகதீச சந்திர போசு தாவரவியல் பூங்காவும் இத்தகையவை. இவை அரசின் பொறுப்பில் உள்ளவை. அடையாறு தோட்டம் அரசுக்கோ பல்கலைக்கழகத்துக்கோ உரியதன்று. இதனைத் தாவரவியலாளர் எவரும் முழுத்திட்டத்துடன் வடிவமைக்கவும் இல்லை. சபையின் உறுப்பினர்களும் தோட்டப் பணியாளர்களும் பல காலங்களில் நட்டு வளர்த்த மரங்களும், பறவைகளும் வௌவால்களும் கொண்டுவந்த விதைகளிலிருந்து தாமாக முளைத்த மரங்களும் சேர்ந்து உருவானதே இத்தொகுப்பு. இதனால் இதனை முறையான தாவரவியல் பூங்கா என்பதைவிட, தாவரவியல் பூங்காவின் பயனைத் தரும் மரத்தோப்பு என்பது பொருத்தமாகும்.

பறவைகளைப் பொறுத்தவரை இந்தக் கலப்பே நன்மையாக அமைந்தது. ஒரே வயதுடைய, ஒரே இன மரங்களைக் கொண்ட தோப்பில் உணவும் கூடுகட்டும் இடமும் ஒரே வகையாக இருக்கும். வெவ்வேறு காலங்களில் பூத்துக் காய்க்கும் மரங்கள், முதிர்ந்து பொந்து விழுந்த மரங்கள், அடர்ந்த புதர்கள், வெட்டவெளிகள், உதிர்ந்த இலைகளால் மூடிய தரை ஆகியவை ஒரே வளாகத்தில் இருக்கும்போது பல்வேறு பழக்கங்களையுடைய பறவைகள் அங்கே இடம் பெறுகின்றன.

அமைவிடம்

தோட்டத்தின் வடக்கே அடையாறு ஆறும் அதன் கழிமுகமும், கிழக்கே வங்காள விரிகுடாவும் உள்ளன. தெற்கே பெசண்ட் நகரும், மேற்கே அடையாறு பகுதியும் அமைந்துள்ளன. பெசண்ட் நகரை ஒட்டிய கடற்கரை எலியட்ஸ் கடற்கரை என வழங்கப்படுகிறது.

அடையாறு ஆறு செம்பரம்பாக்கம் ஏரியை அண்டிய பகுதிகளின் உபரிநீரைப் பெற்று ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ஓடி இங்கே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆற்றில் நீரோட்டம் குறைவு. அக்காலத்தில் கடலலைகள் ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துத் திட்டாக உயர்கிறது. அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் அத்திட்டை உடைத்துக்கொண்டு கடலைச் சேர்கிறது. முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடலின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள் நுழைகிறது. நீர் வற்றும் வேளையில் வெளிப்படும் சேற்றுப்பரப்பே கரைப்பறவைகளின் உணவிடம் ஆகும்.

முகத்துவாரத்துக்கு அருகே ஆற்றின் குறுக்கே 1967 ஆம் ஆண்டில் கட்டப்பட்டு, 1977 ஆம் ஆண்டில் வெள்ளத்தால் இடிந்த பாலம் ஒன்றின் எஞ்சிய பகுதி உள்ளது. இது உடைந்த பாலம் என்றே அழைக்கப்படுகிறது. எதிர்க்கரையில் உள்ள அடையாறு சிற்றோடைப் பகுதியில் அரசு மீட்டெடுத்த தொல்காப்பியப் பூங்கா 2011 ஆம் ஆண்டு சனவரியில் திறக்கப்பட்டது.

வரலாறு

பிரம்மஞான சபை 1875 ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், ஹெலனா பிளவாட்ஸ்கி அம்மையார் முதலியோரால் நிறுவப்பட்டது. 1879 இல் நிறுவனர்கள் இருவரும் மும்பைக்கு வந்தனர். நிலையான தலைமையிடம் ஒன்றைத் தேடிய அவர்கள் 1882 ஆம் ஆண்டில் அடையாற்றங்கரையில் இருந்த அடுல்ஸ்டன் தோட்டம் என்னும் 27 ஏக்கர் வளாகத்தைத் தெரிவு செய்தனர். ஆங்கிலேயர் காலச் சென்னையில் வசதி படைத்தோர் கோட்டைப் பகுதிக்கு வெளியே பெரிய நிலப்பரப்பின் நடுவே மாளிகை அமைத்து வாழ்ந்தனர். அத்தகைய வீடுகள் தோட்டவீடுகள் எனப்பட்டன. அடுல்ஸ்டன் தோட்டமும் அவற்றுள் ஒன்று. 1882 திசம்பர் மாதத்தில் சபையின் தலைமையிடம் இங்கு மாற்றப்பட்டது. 1886 இல் ஆல்காட் அடையாறு நூலகத்தை நிறுவினார். பனையோலைச் சுவடிகளைப் பெருமளவில் கொண்ட இந்நூலகம் இவ்வளாகத்தினுள் உள்ளது. 1905 ஆம் ஆண்டில் சபை சென்னையில் சட்டப்படி பதிவு செய்யப்பட்டது.

1907 இல் ஆல்காட் மறைந்த பின் அன்னி பெசண்ட் அம்மையார் சபையின் தலைவரானார். 1933 இல் மறையும் வரை அப்பொறுப்பில் இருந்த அவரது காலத்திலேயே சுற்றியிருந்த தோட்டங்களும் தோப்புகளும் வாங்கப்பட்டு வளாகம் இன்றைய அளவை எட்டியது. பிளவாட்ஸ்கி தோட்டம், ஆல்காட் தோட்டம், பெசண்ட் தோட்டம், தாமோதர் தோட்டம் என்னும் பெயர்கள் தனித்தனியாக வாங்கப்பட்ட நிலப்பகுதிகளை இன்றும் நினைவூட்டுகின்றன. ஆலமரம் பிளவாட்ஸ்கி தோட்டத்தில் உள்ளது.

இந்திய வரலாற்றில் இடம்பெற்ற பல நிகழ்வுகள் இம்மரங்களின் நிழலில் நடந்துள்ளன. 1909 ஆம் ஆண்டில் சபையின் பணியாளர் ஒருவரின் மகனாக இங்கு வந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, அடையாறு கடற்கரையில் சார்லசு லெட்பீட்டரின் கவனத்தை ஈர்த்தார். 1936 இல் ருக்மிணி தேவி அருண்டேல் தொடங்கிய கலாசேத்திரா, திருவான்மியூருக்குச் செல்லும் முன்னர் இவ்வளாகத்திலேயே இயங்கியது. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939 இல் இங்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

தோட்டத்தின் உயிரினங்கள் பாதுகாக்கப்பட்டதற்குச் சபையின் கொள்கைகளும் ஒரு காரணம். சபையினருள் பலர் புலால் உண்ணாமையையும் கொல்லாமையையும் கடைப்பிடித்தனர். மாநிலங்களவைக்கு 1952 இல் நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி, விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கும் தனிநபர் சட்ட முன்வரைவு ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் விளைவாக 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. 1962 இல் அமைக்கப்பட்ட விலங்குநல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவராக இருந்தார்.

தாவரங்கள்

அடையாறு ஆலமரம்

இம்மரத்தின் அகவை ஏறத்தாழ 450 ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. இதன் நிழற்பரப்பு சுமார் 40,000 சதுர அடி எனக் குறிக்கப்படுவது வழக்கம். சபையின் மாநாட்டுக் கூட்டங்களும் சொற்பொழிவுகளும் நெடுங்காலம் இதன் கீழ் நடைபெற்றன. 1989 ஆம் ஆண்டில் வீசிய கடும் காற்றில் இதன் தாய்மரம் சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் தாங்கிய பகுதிகள் அழியவில்லை. இன்று பார்வையாளர் காண்பது தாய்மரம் இல்லாமல் விழுதுகளின் மேல் நிற்கும் மரமே ஆகும்.

ஆலமரத்தின் கிளைகளிலிருந்து தொங்கும் விழுதுகள் நிலத்தைத் தொட்டதும் வேரூன்றித் தடித்து, தனித் தண்டுகளாக நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. ஆகவே நடுத்தண்டு அழிந்தாலும் மரம் பிழைத்திருக்கிறது. அவுரா தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரமும் இவ்வாறே நிற்கிறது. பூஞ்சை நோயால் கெட்டுப்போன அதன் தாய்த்தண்டு 1925 இல் அகற்றப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள திம்மம்ம மர்ரிமானு, நிழற்பரப்பில் உலகின் மிகப்பெரிய ஆலமரங்களுள் ஒன்றாகும்.

பறவைகளுக்கு ஆலமரம் அளிக்கும் பயன் அதன் பருமனை மட்டும் பொறுத்ததன்று. ஆலின் பூக்கள் வெளியே தெரிவதில்லை. சிறு சிவந்த கனியாகத் தோன்றும் உறுப்பின் உட்புறத்தில் அவை அமைந்துள்ளன. அவற்றில் மகரந்தச் சேர்க்கை செய்யக்கூடியது ஆலுக்கென்றே உரிய ஒருவகைக் குளவியாகும். குளவிகளின் வாழ்க்கைச் சுழற்சி அறுபடாதிருக்க, ஒரு வட்டாரத்தில் உள்ள ஆல மரங்கள் எல்லாம் ஒரே காலத்தில் பழுக்காமல் வெவ்வேறு மாதங்களில் பழுக்கின்றன. ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றில் சில மரங்கள் அருகருகே இருந்தால், பிற மரங்களில் பழம் இல்லாத கோடையிலும் பழந்தின்னிப் பறவைகளுக்கு உணவு கிடைக்கும்.

பழத்தைத் தின்ற பறவையின் எச்சத்தோடு விழும் ஆலம் விதை, பனையின் மட்டை இடுக்கிலோ கட்டடத்தின் விரிசலிலோ முளைக்கிறது. தமிழகத்தின் வயல்வெளிகளில் பனையைத் தழுவி ஆல் வளர்ந்து நிற்பதைப் பல இடங்களில் காணலாம். அவை பறவைகள் விதைத்த மரங்கள் ஆகும்.

அயல்நாட்டு மரங்கள்

தோட்டத்தின் சாலைகளை ஒட்டித் தூங்குமூஞ்சி, மகோகனி ஆகிய மரங்கள் உள்ளன. இவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியவை. சிவன் கோயில்களில் விரும்பி வளர்க்கப்படுவதால் உள்நாட்டு மரமாகவே பலர் கருதும் நாகலிங்க மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே ஆகும். தூங்குமூஞ்சி விரைவில் வளர்ந்து அகன்ற நிழல் தரும். அதன் பூக்களை நாடித் தேன்சிட்டுகளும் பூச்சிகளும் வருகின்றன. ஆனால் அதன் காய்கள் நம் நாட்டுப் பழந்தின்னிப் பறவைகளுக்கு உணவாவதில்லை.

சபை எல்லாச் சமயங்களுக்கும் வளாகத்தில் இடம் அளித்துள்ளது. கோயில், புத்த விகாரம், தேவாலயம், மசூதி முதலிய வழிபாட்டிடங்கள் மரங்களுக்கிடையே சிறு கட்டடங்களாக உள்ளன. புத்த விகாரத்தின் அருகே போதி மரம் எனப்படும் அரசமரம் வளர்க்கப்பட்டுள்ளது.

உள்நாட்டுத் தாவரங்கள்

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய நிலத்தின் இயற்கைக் காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என வகைப்படுத்தப்படுகிறது. ஆண்டில் பல மாதங்கள் மழையின்றி இருந்தும் இலையுதிர்க்காத, தடித்த சிறு இலைகளையுடைய குட்டையான மரங்களைக் கொண்டது இக்காடு. வேளாண்மைக்கும் விறகுக்கும் குடியிருப்புக்கும் இடம் கொடுத்து இது பெரும்பாலும் மறைந்துவிட்டது. கிண்டி தேசியப் பூங்கா, கோயில் காடுகள் போன்ற இடங்களில் துண்டு துண்டாக எஞ்சியுள்ளது. வேம்பு, நாவல், புங்கம், பனை, அழிஞ்சில், கிளா போன்ற இக்கடற்கரை நிலத்துக்குரிய தாவரங்களே பறவைகளின் உணவுத் தேவையைப் பெரிதும் நிறைவு செய்கின்றன. கோடையில் பழுக்கும் வேப்பம்பழத்துக்கும் நாவற்பழத்துக்கும் குயில், நாகணவாய், சின்னான் ஆகியவை கூட்டமாக வருவது வழக்கம்.

ஆற்றங்கரைச் சேற்றில் அலையாத்தி மரங்கள் காணப்படுகின்றன. உப்புநீரில் வாழும் திறன் பெற்ற இவற்றின் மூச்சுவேர்கள் சேற்றுக்கு மேலே நீண்டு நிற்கும். இவ்வேர்களுக்கிடையே மீன்குஞ்சுகளும் இறால்களும் நண்டுகளும் வளர்கின்றன. அவை கொக்குகளுக்கும் மீன்கொத்திகளுக்கும் இரையாகின்றன.

பறவைகள்

ஆண்டு முழுவதும் காணப்படுபவை

குயில், செம்போத்து, வால்காக்கை, செம்மார்புக் குக்குறுவான், பொன்முதுகு மரங்கொத்தி, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு, சின்னான், தவிட்டுக்குருவி ஆகியவை சென்னையின் மரச்செறிவுள்ள தோட்டங்களில் வாழும் பறவைகள் ஆகும். இவற்றுள் கிளி, ஆந்தை, குக்குறுவான், மரங்கொத்தி ஆகியவை மரப்பொந்துகளில் முட்டையிடுபவை. மரங்கொத்தியும் குக்குறுவானும் பட்டுப்போன அல்லது மென்மையான மரத்தைத் தாமே குடைகின்றன. கிளியும் ஆந்தையும் பெரும்பாலும் பிற பறவைகள் குடைந்து விட்ட பொந்துகளையும் இயற்கையாக உண்டான துளைகளையும் பயன்படுத்துகின்றன. பட்ட கிளைகளை உடனுக்குடன் வெட்டிச் சீராக்கும் நகரப் பூங்காக்களில் இவ்வகைப் பறவைகள் குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம். முதிர்ந்த மரங்கள் நிற்கும் பழைய தோட்டங்கள் இப்பறவைகளுக்கு இன்றியமையாதவை.

வலசை வருபவை

செப்டம்பர் முதல் மார்ச்சு வரை வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் சென்னைத் தோட்டங்களில் தங்குகின்றன. ஆறுமணிக்குருவி எனப்படும் தோட்டக்கள்ளன் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. இரவில் பறந்து களைத்த இப்பறவைகள் அக்டோபர் மாத வாக்கில் சென்னை நகரில் வீட்டுத் தோட்டங்களிலும் கட்டட ஓரங்களிலும் இறங்குவது ஆண்டுதோறும் பதிவாகிறது. இவை உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்பவை. ஆதலால் இலைக்குப்பை அகற்றப்படாத நிழலான தரை இவற்றுக்குத் தேவை.

கிழக்காசியக் காடுகளிலிருந்து வரும் கொடிக்கால் வாலாட்டியும் இத்தகைய தரையையே நாடுகிறது. பிற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது பக்கவாட்டில் ஆட்டுவதால் எளிதில் இனங்காணலாம். நீண்ட வாலையுடைய அரசவால் ஈப்பிடிப்பான், செந்தலைப் பூங்குருவி, கதிர்க்குருவி வகைகள் ஆகியவையும் குளிர்காலத்தில் சென்னையின் நிழல்செறிந்த தோட்டங்களுக்கு வருபவை.

கழிமுகப் பறவைகள்

சின்னக் கொக்கு, மடையான், சாம்பல் நாரை, வக்கா, நீர்க்காகம், நெடுங்கால் உள்ளான், மீன்கொத்தி வகைகள், செம்பருந்து ஆகியவை கழிமுகத்தில் இரைதேடுபவை. குளிர்காலத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் கடற்காகங்களும் வருகின்றன. மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இந்தியக் கடற்கரை வரை நீளும் வலசைப் பாதையில் இக்கழிமுகம் ஒரு தங்குமிடம் ஆகும்.

கொக்கு, நாரை, வக்கா ஆகியவை நீரில் இரைதேடினாலும் மரங்களில் தங்கி, மரங்களில் கூடு கட்டுபவை. ஆகையால் சேற்றுப்பரப்பும் அதனை ஒட்டிய அமைதியான மரத்தோப்பும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஒன்று கெட்டால் மற்றொன்றின் பயனும் குறையும்.

சென்னையில் 1978 இல் தொடங்கப்பட்ட மெட்ராசு இயற்கையாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் இப்பகுதியின் பறவைகளைத் தொடர்ந்து பதிவு செய்து வந்துள்ளனர். பறவையியலாளர் வி. சாந்தாராம் அடையாறு கழிமுகப் பறவைகளை நெடுங்காலம் கவனித்து எழுதியவர்களுள் ஒருவர். கழிவுநீர்க் கலப்பு, கரையோர ஆக்கிரமிப்பு, மணலும் வண்டலும் படிதல் ஆகியவற்றால் கழிமுகத்துக்கு வரும் வலசை நீர்ப்பறவைகள் முற்காலத்தைவிடக் குறைந்துள்ளன.

சட்ட நிலை

இந்தியாவில் சரணாலயம் என்னும் சொல்லுக்கு 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பொருள் உண்டு. ஓர் இடத்தைச் சரணாலயமாக அறிவிக்கும் அதிகாரம் அரசுக்கே உரியது. நில உரிமையாளர் ஒருவர் தம் தோட்டத்துக்குச் சரணாலயம் என்று பெயரிட்டுக்கொள்வதால் அதற்கு அச்சட்டத் தகுதி கிடைப்பதில்லை. தனியாரோ ஒரு சமூகமோ தாமாக முன்வந்து பேணும் நிலத்தைச் சமூகக் காப்பகம் என அறிவிக்க 2002 ஆம் ஆண்டின் திருத்தம் வழிசெய்தது.

இத்தகைய அறிவிப்பு இல்லாத தனியார் தோட்டத்திலும் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள பறவைகளை வேட்டையாடுவது குற்றமே. அதாவது சட்டம் பறவையைக் காக்கிறது. ஆனால் அது அமரும் மரத்தைக் காப்பது பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பத்தைச் சார்ந்துள்ளது. கழிமுகக் கரையும் கடற்கரையும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைக்கு உட்பட்டவை. 1991 இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட இவ்விதிகள் 2011 இலும் 2019 இலும் புதிதாக வகுக்கப்பட்டன.

உரிமையாளரின் காப்பு சட்டத்துக்கு முற்பட்ட வழக்கமும் ஆகும். காஞ்சிபுரம்–செங்கற்பட்டு வட்டாரத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில் ஊர்மக்கள் நெடுங்காலம் பறவைகளைக் காத்து வந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்களது வேண்டுகோளை ஏற்று 1798 இல் அன்றைய மாவட்ட ஆட்சியர் லயோனல் பிளேசு அவ்வுரிமைக்கு எழுத்து வடிவம் அளித்தார்.

இடர்கள்

தோட்டத்தின் மதிலுக்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையையும் தடுக்க உரிமையாளரால் இயலும். ஆற்றில் மேலிருந்து வரும் கழிவுநீரையும், முகத்துவாரத்தின் அடைப்பையும் தடுக்க இயலாது. இத்தோட்டத்தின் பாதுகாப்பில் உள்ள அடிப்படைக் குறை இதுவே ஆகும். நிலப்பகுதி ஒரு தனியார் அமைப்பிடமும், நீர்ப்பகுதி பல அரசுத் துறைகளின் பொறுப்பிலும் உள்ளன. பறவைகளோ இரண்டையும் ஒரே வாழிடமாகக் கொள்கின்றன.

2004 திசம்பர் 26 ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை சென்னைக் கடற்கரையையும் கழிமுகத்தையும் தாக்கியது. 2015 திசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் வந்த பெருவெள்ளம் கரைகளை மூழ்கடித்தது. 2016 திசம்பர் 12 ஆம் நாள் கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னை நகரில் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. இத்தோட்டமும் பல மரங்களை இழந்தது. அப்புயலில் தூங்குமூஞ்சி, மயிற்கொன்றை போன்ற விரைந்து வளரும் அயல் மரங்கள் மிகுதியாக விழுந்ததும், பனை போன்றவை தாக்குப்பிடித்ததும் பரவலாகக் கவனிக்கப்பட்டன. விழுந்த இடங்களில் எவற்றை நடுவது என்னும் வினாவுக்கு இக்கவனிப்பு ஒரு விடை தருகிறது.

புயல் உண்டாக்கும் இடைவெளியில் சீமைக்கருவேல் போன்ற களைத் தாவரங்கள் பரவும் ஆபத்தும் உண்டு. நூறாண்டு மரத்தின் பொந்தை ஒரு கன்று ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே ஒரு புயலின் விளைவு பொந்தில் வாழும் பறவைகளிடம் ஒரு தலைமுறைக் காலம் நீடிக்கக்கூடியது.

நகரின் பசுமைப் பகுதிகளுடன் தொடர்பு

தோட்டத்துக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஆகியவற்றின் மரச்செறிவுள்ள வளாகங்கள் உள்ளன. கிண்டிப் பூங்கா 1978 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தெற்கே உள்ள பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022 இல் ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சபைத் தோட்டம் இவற்றோடு சேர்ந்து, கட்டடங்களுக்கிடையே பறவைகள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்ல உதவும் இடைத்தங்கலாக விளங்குகிறது. இவற்றுக்கு நடுவே உள்ள தெரு மரங்களும் வீட்டுத் தோட்டங்களும் இத்தொடர்பின் பகுதிகளே ஆகும்.

ஒப்பிடத்தக்க இடங்கள்

தனியார் முயற்சியில் உருவான தாவரப் புகலிடங்கள் வேறு சிலவும் உள்ளன. அவற்றின் நோக்கமும் முறையும் வேறுபடுகின்றன.

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் உள்ள குருகுல தாவரவியல் புகலிடம் 1981 இல் செருமனியிலிருந்து வந்து குடியேறிய வோல்ஃப்கேங் தோயர்காஃப் என்பவரால் நிறுவப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடழிப்பில் வாழிடம் இழந்த மந்தாரை, பெரணி, காசித்தும்பை வகைகள் போன்ற தாவரங்களை வளர்த்துக் காப்பது இதன் பணி. நிறுவனர் 2014 இல் மறைந்த பின்னும் அவருடன் பணியாற்றியவர்கள் இதனைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர்.

இலங்கையின் தம்புள்ளையில் உள்ள பொப்பம் மரத்தோட்டம் தேயிலைத் தோட்ட அதிகாரியாக இருந்த சாம் பொப்பம் என்பவரால் 1963 இல் தொடங்கப்பட்டது. புதிதாக மரம் நடுவதைவிட, புதர்களை அளவாக நீக்கி, தாமாக முளைத்த கன்றுகளை வளரவிடுவதே இங்கு பின்பற்றப்பட்ட முறை. உலர்வலயத்துக்குரிய பாலை, முதிரை, கருங்காலி, வீரை முதலிய மரங்களே தமிழ்நாட்டின் உலர் காடுகளிலும் காணப்படுவதால் இம்முறை இங்கும் கருதத்தக்கது.

புதுச்சேரியை அடுத்து 1968 இல் நிறுவப்பட்ட ஓரோவில்லில், அரித்துப்போன செம்மண் நிலத்தில் உலர் பசுமைமாறாக் காட்டை மீட்டெடுக்கும் பணி நடைபெற்றது.

உள்மாவட்டங்களில் இத்தகைய தோட்டத்தின் பங்கு வேறுபடும். 2019 இல் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. இங்கு மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையும் அதன் காப்புக்காடுகளும், மலையடியில் கோமுகி அணையும், சமவெளியில் ஏரிகளும் வயல்களும் உள்ளன. அடையாற்றில் மரத்தோப்பே பழந்தின்னிப் பறவைகளின் இறுதிப் புகலிடமாக நிற்கிறது. கல்வராயன் அடிவாரத்திலோ மலைக்காடு அருகில் இருப்பதால் விதையைக் கொண்டுவரப் பறவைகள் உள்ளன. ஆகவே அங்கு ஒரு தனியார் தோட்டம் மலைக்கும் ஏரிக்கும் இடையே பறவைகள் தங்கிச்செல்லும் பாலமாக அமையும். ஆல், அரசு, அத்தி, நாவல், வேம்பு ஆகியவற்றை நட்டு, முதிர்ந்த மரங்களையும் இலைக்குப்பையையும் அப்படியே விட்டுவைத்தால் மீதியைப் பறவைகளே விதைத்துக்கொள்ளும்.

இவ்வெல்லா இடங்களுக்கும் பொதுவான வினா, நிறுவியவருக்குப் பின் நிலம் யாரிடம் செல்லும் என்பதாகும். தனிமனிதரின் தோட்டம் வாரிசுகளுக்கிடையே பிரிக்கப்படலாம் அல்லது விற்கப்படலாம். அடையாறு தோட்டம் ஒரு பதிவு பெற்ற சபையின் பெயரில் இருந்ததால், ஆல்காட், பெசண்ட் ஆகியோரின் மறைவுக்குப் பின்னும் பிளவுபடாமல் நிலைத்தது.

பார்வையாளர்

இது தனியார் இடமாகையால் பொதுமக்கள் நுழைவுக்குச் சபை வகுக்கும் நேரமும் விதிகளும் உண்டு. அவை காலத்துக்குக் காலம் மாறுபவை. தோட்டம் எந்நேரமும் திறந்திருப்பதில்லை என்பது பார்வையாளருக்குக் குறையாகத் தோன்றலாம். ஆயினும் ஆள்நடமாட்டம் குறைந்த நீண்ட நேரங்களே கூடுகட்டும் பறவைகளுக்கும் களைத்து வரும் வலசைப் பறவைகளுக்கும் இத்தோட்டத்தைப் புகலிடமாக்கியுள்ளன.